தண்ணி கேட்காது, இடம் கேட்கும்: கரட்டுக் காட்டில் ஆனைக்கற்றாழை

திருச்செங்கோடு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயம் நினைவுக்கு வரும். ஒன்று, மலைமேல் இருக்கும் அர்த்தநாரீசுவரர். இன்னொன்று, போர்வெல் வண்டி. இந்தியாவின் எந்த மூலைக்குப் போனாலும் அங்கே நம்ம ஊர் ரிக் வண்டி ஒன்று துளை போட்டுக்கொண்டு நிற்கும். ஊர் உலகத்துக்கெல்லாம் தண்ணி எடுத்துக் கொடுக்கிற நம்ம ஊரில், ஆயிரம் அடி தாண்டியும் புழுதி மட்டுமே வந்த துளைகள் எத்தனை என்று அவரவர் காட்டைப் பார்த்தால் தெரியும்.

நாமக்கல் மாவட்டத்தின் ஆண்டு மழை சராசரியாக 700 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கிறது. அதுவும் எல்லா வருசமும் வருவதில்லை. 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழகம் முழுவதும் வழக்கத்தைவிட 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. 2017 சனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. காய்ந்த தென்னையை வெட்டிப் போட்ட காடுகள் கொங்கு நாட்டில் ஏராளம். அந்த வருசத்திலும் ஒரு குடம் தண்ணி கேட்காமல் வேலியோரத்தில் நின்ற செடிகளில் ஒன்று ஆனைக்கற்றாழை.

அப்படியென்றால் காடு முழுக்கக் கற்றாழை நட்டுவிடலாமா? கூடாது. இது தண்ணி கேட்காத செடி. ஆனால் சரியான இடம் கேட்கிற செடி. வரப்பு, வேலி, சரளை மேடு, சுக்கான் கரடு இவைதான் அதன் இடம். அங்கே வைத்தால் மண்ணைக் காக்கும், காட்டைக் காக்கும், வீட்டுக்குக் கயிறும் தரும். நல்ல மண்ணை அதற்குக் கொடுத்தால் சோளமும் போய், துவரையும் போய், கையில் முள் மட்டும் மிஞ்சும். இந்தப் பாடத்தின் சாரம் இவ்வளவுதான். விவரமாகப் பார்ப்போம்.

முதலில் ஆளை அடையாளம் காணுங்கள்

‘கற்றாழை’ என்று நாம் சொல்லும் செடிகள் ஒரே குடும்பம் அல்ல. பெயர் ஒன்றாக இருப்பதால் பலர் ஏமாறுகிறார்கள். ஐந்தைப் பிரித்து அறிந்தால் போதும்.

சோற்றுக்கற்றாழை: மருந்துக்கும் முகத்துக்கும் பயன்படுத்துவது. இலையை ஒடித்தால் பட்டென்று ஒடியும். மஞ்சள் பால் வடியும், உள்ளே வழவழப்பான சோறு இருக்கும். உரமான நார் இருக்காது. ஒவ்வொரு ஆண்டும் பூக்கும்.

ஆனைக்கற்றாழை: அறிவியல் பெயர் அகேவ் அமெரிக்கானா. சாம்பல் பூத்த பச்சை நிறம். அகலமான, தடித்த இலை ஆள் இடுப்பு உயரத்துக்கும் மேல் வளரும். இலை ஓரமெல்லாம் கொக்கி முள், நுனியில் ஊசி. மஞ்சள் கரை போட்ட ஒரு வகையை அழகுக்காக வீடுகளில் வைக்கிறார்கள்.

சிசல் கற்றாழை: அகேவ் சிசலானா. வாள்போல நேரான, கரும்பச்சை இலை. வளர்ந்த செடியில் ஓர முள் அநேகமாக இருக்காது, நுனி ஊசி மட்டும் இருக்கும். நாருக்கு உலகமெங்கும் பயிரிடப்படுவது இதுதான்.

கந்தாலா கற்றாழை: அகேவ் கந்தாலா. ஒல்லியான இலை, ஓரத்தில் முள். நார் சன்னமாக இருக்கும்.

மருள்: மரல் என்றும் சொல்வார்கள். இலையில் பாம்புத் தோல்போல வரி இருக்கும். இதிலும் நல்ல நார் உண்டு. ஆனால் இது வேறு செடி, நிழலிலும் வளரும்.

இரண்டாவது, மூன்றாவது, நான்காவது வகைகளுக்கும் மெக்சிகோவும் அதைச் சுற்றிய நாடுகளும்தான் பிறந்த ஊர். கடல்வழி வந்த ஐரோப்பியர் மூலம் இங்கே வந்து சேர்ந்தவை. மாடு உள்ளே வராமலிருக்க ரயில் பாதையோரம் நட்டார்கள். அதனால்தான் ‘ரயில் கற்றாழை’ என்ற பெயரும் நிலைத்தது. இந்தக் கட்டுரையில் ஆனைக்கற்றாழை என்று பொதுவாகச் சொல்லும்போது இந்த மூன்றையும் சேர்த்தே சொல்கிறோம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. சோற்றுக்கற்றாழை என்று நினைத்து ஆனைக்கற்றாழையை யாரும் தின்னவோ, சாறு குடிக்கவோ, முகத்தில் பூசவோ கூடாது. வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும், தோல் கொப்பளிக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு இலையை ஒடித்துப் பாருங்கள். நாராக இழுத்துக்கொண்டு ஒடிய மறுத்தால் அது ஆனைக்கற்றாழை.

இராத்திரியில் மூச்சு விடும் செடி

தண்ணி இல்லாமல் இது எப்படி வாழ்கிறது? எல்லாச் செடிகளுக்கும் இலையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அந்தத் துளை வழியாகத்தான் காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துச் சோறு சமைக்கின்றன. துளை திறக்கும்போதெல்லாம் உள்ளே இருக்கும் தண்ணி ஆவியாக வெளியே போகும். நெல்லும் கத்தரியும் பகலில், உச்சி வெயிலில் துளையைத் திறந்து வைத்திருக்கின்றன. அதனால் தண்ணியை வாரி இறைக்கின்றன.

ஆனைக்கற்றாழை பகலில் கதவைச் சாத்திவிடும். வெயில் இறங்கி, காற்று குளிர்ந்த பிறகு இராத்திரியில் திறக்கும். அப்போது எடுக்கும் வாயுவை ஒரு புளிப்பு அமிலமாக மாற்றி இலைக்குள் சேமித்து வைக்கும். விடிந்ததும் கதவைச் சாத்திவிட்டு, சேமித்த அமிலத்திலிருந்து வாயுவை எடுத்து வெயிலில் சமையல் செய்யும். ஒரு கிராம் கரியமில வாயுவைப் பிடிக்க நெல் போன்ற செடிகள் 400 முதல் 500 கிராம் தண்ணி செலவழிக்கும். சோளம், கம்பு வகையினம் 250 முதல் 300 கிராம். கற்றாழை வகையினம் 50 முதல் 100 கிராம்தான்.

இந்த வித்தையை எழுத்தில் முதலில் பதிவு செய்தவர்களில் ஒருவர் நம்ம பக்கத்தில் வேலை பார்த்தவர். மதராஸ் மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக இருந்த பெஞ்சமின் ஹெய்ன், தோட்டத்தில் இருந்த ரணகள்ளி இலையை மென்று பார்த்தார். காலையில் புளித்தது, நண்பகலில் சப்பென்று இருந்தது, மாலையில் லேசாகக் கசந்தது. அவர் இதைப்பற்றி எழுதிய கடிதம் 1815-இல் லண்டனில் அச்சானது. இராத்திரி சேர்த்த புளிப்பைப் பகலில் செடி செலவழிக்கிறது என்பது பின்னால்தான் விளங்கியது. ரணகள்ளியும் ஆனைக்கற்றாழையும் செய்வது ஒரே வேலை. கற்றாழையை மட்டும் மென்று பார்த்துவிடாதீர்கள்!

இதோடு இன்னும் மூன்று உபாயம் உண்டு. இலைமேல் மெழுகுப் பூச்சு. இலைக்குள்ளேயே தண்ணிச் சேமிப்பு. மூன்றாவது வேர். ஆணிவேர் கிடையாது, சல்லிவேர்தான். பெரும்பகுதி மேல் ஒன்று, ஒன்றரை அடி மண்ணுக்குள்ளேயே பக்கவாட்டில் பரவி நிற்கும். ஒரு தூறல் விழுந்தாலும் உடனே உறிஞ்சிக்கொள்ளும். அதே வேர்தான் வரப்பு மண்ணையும் கவ்விப் பிடிக்கிறது.

ஒரே ஒரு குறை: வேர் நனைந்தே கிடந்தால் செடி அழுகிவிடும். ஆனைக்கற்றாழையை வறட்சி கொல்வதைவிடத் தேங்கிய தண்ணி கொல்வதுதான் அதிகம்.

எங்கே வைக்கலாம், எங்கே கூடாது

வைக்கலாம்:
- காட்டின் வெளிவரப்பில், வேலியாக.
- சரிவான மேட்டாங்காட்டில், சம உயரக் கோட்டில் வரிசையாக. ஓடி வரும் மழைத்தண்ணி வேகம் குறைந்து, மண் அங்கேயே படியும்.
- சரளை, சுக்கான் நிறைந்து வேறு எதுவும் பிடிக்காத மூலையில். சிசல் கற்றாழைக்குச் சுண்ணாம்புச் சத்து நிறைய வேண்டும். நாம் சபிக்கிற சுக்கான் மண் அதற்கு விருந்து.
- கல்லாங்குத்து மேட்டில், பாறை இடுக்கில்.

கூடாது:
- தண்ணி தேங்கும் களிமண்ணில், வாய்க்கால் ஓரத்தில்.
- சோளம், நிலக்கடலை, துவரை விளையும் நல்ல செம்மண்ணில்.
- நடைபாதை, மாட்டுத்தொழுவம், பள்ளிப் பிள்ளைகள் போகும் வழி ஆகியவற்றை ஒட்டி. நுனி ஊசி சரியாகக் குழந்தையின் கண் உயரத்திலும் மாட்டின் கண் உயரத்திலும் நிற்கும்.
- புறம்போக்கு, ஏரிக்கரை, மலைக்காடு ஆகிய பொது இடங்களில். பக்கக் கன்று விட்டுவிட்டு அது தானே பரவும். தென்னாப்பிரிக்காவில் ஆனைக்கற்றாழை இப்படிப் பரவிக் களைப்பட்டியலில் ஏறியிருக்கிறது. வறட்சிக்கு நல்லது, வேலிக்கு நல்லது என்று சொல்லிக் கொண்டுவந்த சீமைக்கருவேலம் என்ன செய்தது என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கொங்கு நாட்டுக்கு உயிர்வேலி புதிதல்ல. காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில் இன்றும் கிளுவை வேலிதான் நிற்கிறது. உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும். இரண்டு பக்கமும் உயிர்வேலி அடைத்த இட்டேரிகளில்தான் ஓணானும் கீரியும் தேனீயும் குடியிருந்தன. அந்த வேலிகளைப் பிடுங்கிக் கம்பி போட்டோம். கம்பிக்கு வட்டி கட்டினோம். ஆகவே ஆனைக்கற்றாழை மட்டும் வைத்து வேலி போடாதீர்கள். வெளிவரிசையில் கற்றாழை, அதற்கு உள்ளே நான்கு அடி தள்ளிக் கிளுவை, நொச்சி, ஆடாதொடை, இடையிடையே வேம்பு. கற்றாழை மாட்டைத் தடுக்கும். நொச்சியும் வேம்பும் பூச்சிவிரட்டிக்கு இலை தரும். கிளுவை ஆட்டுக்குத் தழை தரும்.

நடவு: படிப்படியாக

பட்டம்: ஆடிப் பெருக்குக்குப் பிறகு புரட்டாசி வரை. ஐப்பசி மழைக்கு முன்னால் வேர் பிடித்திருக்க வேண்டும்.

கன்று: விதை வேண்டாம். தாய்ச்செடியைச் சுற்றி வரும் பக்கக் கன்று போதும், காசும் கிடையாது. ஒரு அடி முதல் ஒன்றரை அடி உயரமுள்ள, நோயில்லாத கன்றைக் கடப்பாரையால் நெம்பி எடுங்கள். சிசல் கற்றாழை என்றால் பூங்கம்பத்திலேயே நூற்றுக்கணக்கில் குட்டிக் கன்றுகள் முளைக்கும். அவற்றை எடுத்து ஒரு வருசம் நாற்றங்கால் பாத்தியில் வளர்த்துப் பிறகு நடலாம்.

காயம் ஆறவிடுதல்: பலர் விட்டுவிடும் படி இதுதான். எடுத்த கன்றின் அடிக் காய்ந்த இலைகளையும் சிதைந்த வேரையும் கொடுவாளால் சீவிவிட்டு, நிழலில் ஐந்தாறு நாள் போட்டு வையுங்கள். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும். ஈரக் காயத்தோடு மண்ணில் வைத்தால் அழுகல் உள்ளே போகும்.

குழி: ஒரு அடிக்கு ஒரு அடி, ஒரு அடி ஆழம். மேல்மண்ணோடு இரண்டு கிலோ மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்பி, குழி இருந்த இடம் சுற்றுமண்ணைவிட அரை அடி மேடாக இருக்கும்படி அணையுங்கள். மேட்டின் உச்சியில் கன்றை வைத்து நன்றாக மிதித்து விடுங்கள். குருத்து மண்ணுக்குள் போகக் கூடாது.

இடைவெளி: வேலிக்கு ஆனைக்கற்றாழை என்றால் மூன்று அடி. அடர்த்தி வேண்டுமானால் இரண்டு வரிசை, ஒன்றுவிட்டு ஒன்று முக்கோணமாக. நாருக்குச் சிசல் வைத்தால் ஒரு மீட்டர். பயிர் வரிசைக்கும் கற்றாழைக்கும் நடுவில் ஐந்து அடியாவது விடுங்கள். இல்லாவிட்டால் அதன் சல்லிவேர் உங்கள் பயிரின் ஈரத்தையும் சேர்த்துக் குடிக்கும்.

தண்ணி: நட்டதும் ஒருமுறை. மழை தள்ளிப்போனால் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாக இரண்டு தடவை. அதோடு சரி. சொட்டுநீர்க் குழாயை இதற்கு இழுக்காதீர்கள்.

முதல் மூன்று ஆண்டு

முதல் இரண்டு ஆண்டு களை மட்டும்தான் எதிரி. கோரையும் அருகும் கன்றை மூடிவிட்டால் வளர்ச்சி நின்றுபோகும். ஆண்டுக்கு இரண்டு கொத்து போதும். கொத்திய களையை அங்கேயே மூடாக்காகப் போடுங்கள், ஆனால் செடியின் கழுத்தை ஒட்டிப் போடவேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு ஒரு சுற்றுப் பாருங்கள். இலையில் வரிக்குதிரைபோலக் கறுப்பும் வெளுப்புமாக வளையம் விழுந்து அழுகினால் அது தண்ணி தேங்குவதன் அடையாளம். பூஞ்சாணம் போன்ற ஒரு நோய்க்கிருமி ஈரத்தில் ஏறுவதால் வருவது. மருந்து தேட வேண்டாம். பாதித்த செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். தண்ணி வடிய வாய்க்கால் வெட்டுங்கள்.

மூன்றாம் ஆண்டில் பக்கக் கன்றுகள் கிளம்பும். வேலியில் இடைவெளி இருந்தால் அதில் வையுங்கள். மிச்சத்தை அண்டைக் காட்டுக்காரருக்குக் கொடுங்கள். விட்டுவைத்தால் வரிசை புதராகும். புதருக்குள் எலி சேரும், எலியைத் தேடிப் பாம்பு வரும்.

இலை வெட்டும் நாரும்

செடி வைத்து மூன்று ஆண்டுக்கு முன்னால் இலை வெட்டாதீர்கள். அடி இலைகள் மூன்று அடி நீளம் தாண்டி, தரையை நோக்கிச் சாய்ந்த பிறகு கீழிருந்து வெட்டுங்கள். உச்சியில் பதினைந்து இலையாவது எப்போதும் இருக்கவேண்டும். மொட்டையடித்தால் அடுத்த ஆண்டு இலை குட்டையாகும்.

வெட்டும் ஆள் முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொள்ள வேண்டும், கண்ணுக்குக் கண்ணாடி இருந்தால் நல்லது. இலைச்சாற்றில் கண்ணுக்குத் தெரியாத ஊசிப் படிகங்கள் இருக்கின்றன. தோலில் பட்டால் அரித்துக் கொப்பளிக்கும். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணியில் கழுவி உடனே மருத்துவரிடம் போங்கள். முதலில் நுனி ஊசியை வெட்டிவிட்டுப் பிறகு இலையை அறுப்பது பழகிய ஆட்கள் செய்யும் முறை.

வெட்டிய இலையிலிருந்து ஒன்றிரண்டு நாளுக்குள் நார் எடுக்க வேண்டும். காய்ந்துவிட்டால் சதை ஒட்டிக்கொள்ளும். கையால் என்றால் இலையைக் கல்லில் தட்டி நசுக்கி, சாய்ந்த பலகையில் வைத்து மழுங்கிய கத்தியால் சுரண்டுவது. எந்திரம் என்றால் சுழலும் உருளையில் இலையை நீட்டினால் சதை கழன்று நார் நிற்கும். பிறகு நல்ல தண்ணியில் அலசி, ஒரு நாள் வெயிலில் கொடியில் போட்டால் வெளுத்து வரும்.

தண்ணியில் ஊறப்போட்டு அழுகவைத்து எடுப்பது பழைய முறை. கிணற்றிலோ குட்டையிலோ ஏரியிலோ அதைச் செய்யக் கூடாது. இலையில் நுரைக்கும் சப்போனின் என்ற பொருள் இருக்கிறது. மீன் செத்து மிதக்கும், தண்ணி மாட்டுக்கும் ஆகாது. ஊறப்போடுவதாக இருந்தால் தனித் தொட்டியில் போடுங்கள்.

சுரண்டிய சதையை வீணாக்காதீர்கள். சாணத்தோடு அடுக்கு அடுக்காகப் போட்டு மக்கவைத்து, அதே கற்றாழை வரிசைக்குத் திருப்பிக் கொடுங்கள். இந்தச் செடி மண்ணிலிருந்து சுண்ணாம்புச் சத்தையும் சாம்பல் சத்தையும் நிறைய எடுக்கும். திருப்பித் தராமல் இலையை மட்டும் ஏற்றி அனுப்பினால் கரடும் ஒருநாள் மலடாகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கற்றாழை நட்டால் லட்சம் லட்சமாக வரும், கன்று நாங்கள் தருகிறோம், இலையை நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று யாராவது வந்தால், முதலில் இந்தக் கணக்கைப் போடுங்கள்.

சதுரமான ஒரு ஏக்கர் காட்டின் சுற்றளவு சுமார் 255 மீட்டர். மீட்டருக்கு ஒரு செடி வைத்தால், வாசலுக்கு இடம் விட்டு 250 சிசல் செடி. ஒரு செடி தன் ஆயுளில் 200 முதல் 250 இலை தரும். ஆயுள் பத்து ஆண்டு சுற்றி என்பதால் ஆண்டுக்கு 20 இலை என்று வைப்போம். 250 செடிக்கு 5,000 இலை. நம்ம மானாவாரி மண்ணில் ஒரு இலை அரைக் கிலோ என்று கொண்டால் 2,500 கிலோ இலை. இதில் காய்ந்த நார் நூற்றுக்கு மூன்று பங்குதான் தேறும். ஆக 75 கிலோ நார், அதுவும் நாலாம் ஆண்டிலிருந்து.

ஏக்கர் முழுக்க நட்டால்? நார்த் தோட்டங்களில் இரட்டை வரிசை முறையில் ஏக்கருக்குச் சுமார் 1,800 செடி. அதே கணக்கில் 18,000 கிலோ இலை, 540 கிலோ நார். பதினெட்டு டன் முள் இலையை வெட்டிச் சுமந்து, சுரண்டி, அலசினால் கைக்கு வருவது அரை டன்னுக்குக் கொஞ்சம் அதிகம். மூன்று ஆண்டு வருமானம் கிடையாது. அந்த அரை டன்னை உங்கள் பக்கத்து நார் விலையால் பெருக்குங்கள், ஆள் கூலியையும் எந்திர வாடகையையும் கழியுங்கள். பிறகு அதே ஏக்கரில் சோளமும் துவரையும் ஆட்டுக்குத் தட்டையும் என்ன தந்தன என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

கூலிக் கணக்குத் தெரியவில்லையா? நூறு இலையை வெட்டி, வீட்டிலேயே ஒருநாள் நார் எடுத்துப் பாருங்கள். ஐம்பது கிலோ இலை, ஒன்றரைக் கிலோ நார். எவ்வளவு நேரம் ஆனது என்று கடிகாரம் சொல்லும். எந்த நிறுவனத்தின் துண்டுப் பிரசுரமும் அவ்வளவு உண்மை சொல்லாது. ஈமு கோழி கொங்கு நாட்டில் என்ன செய்தது என்று 2012-ஐப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வாங்குகிறவர் ஒரே ஒருவர்தான் என்றால், அவர் போன அன்றைக்குப் பொருளுக்கு விலை கிடையாது.

நாடுகளுக்கே இந்தப் பாடம் நடந்திருக்கிறது. 1893-இல் ரிச்சர்ட் ஹிண்டார்ஃப் என்ற ஜெர்மானியர் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலிருந்து சுமார் ஆயிரம் சிசல் குட்டிகளைக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பச் செய்தார். கரை சேர்ந்து பிழைத்தவை 62. அந்த 62 செடியிலிருந்து பெருகியதுதான் இன்றைய தான்சானியாவின் நார்த் தோட்டங்கள். 1960-களில் உலகத்திலேயே அதிகம் விளைவித்த நாடு அது, ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன்னுக்கும் மேல். பிறகு பிளாஸ்டிக் கயிறு வந்தது. விலை சரிந்தது, தோட்டங்கள் புதர் மண்டின. செடி தோற்கவில்லை. ஒரே பயிரை, ஒரே சந்தையை நம்பியது தோற்றது.

ஆனால் அந்த 75 கிலோ நாரை அலட்சியமும் செய்யாதீர்கள். வரப்பு எப்படியும் சும்மா கிடக்கிறது, தண்ணிச் செலவு இல்லை, உரச் செலவு இல்லை. மாட்டுத் தலைக்கயிறு, பந்தல் கட்டும் நார், கட்டுக் கயிறு என்று நாம் காசு கொடுத்து வாங்கும் நைலான் அத்தனைக்கும் பதில் அங்கே நிற்கிறது. நைலான் கயிறு கன்றின் கழுத்தை அறுக்கும், இற்றுப்போனால் மண்ணில் மக்காது. நார்க்கயிறு எருக்குழிக்குப் போகும்.

திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-இல் இராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கியபோது, வானம் பார்த்த இந்தப் பூமியின் குடும்பங்களுக்கு இராட்டைதான் வேலை தந்தது. விளைச்சல் இல்லாத மாதத்தில் கைக்கு ஒரு தொழில் என்பதே அதன் நியாயம். மாசி முதல் வைகாசி வரை காட்டில் வேலை இல்லாத நாட்களில் நார் உரிப்பதும் கயிறு திரிப்பதும் அந்த வகையில் சேரும். ஒரு வீட்டுக்கு 75 கிலோ வியாபாரம் ஆகாது. இருபது வீடு சேர்ந்தால் ஒன்றரை டன். ஒரு சிறிய எந்திரத்தைக் குழுவாக வாங்கிப் பயன்படுத்த அதுபோன்ற அளவு வேண்டும். நார்ப் பயிராக வளர்ப்பதைப் பற்றி ஆழமாகத் தெரிந்துகொள்ள நினைக்கும் குழுக்கள், ஒடிசா மாநிலம் பாம்ராவில் உள்ள மத்திய அரசின் சிசல் ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம்.

ஒருமுறை பூத்து விடைபெறும்

ஆனைக்கற்றாழை தன் ஆயுளில் ஒரே ஒருமுறைதான் பூக்கும். சிசல் என்றால் சுமார் 8 முதல் 12 ஆண்டில், அமெரிக்கானா 10 ஆண்டுக்கு மேல் சில இடங்களில் 30 ஆண்டு வரைகூடப் போகும். நடுவிலிருந்து ஒரு கம்பம் கிளம்பிச் சில வாரங்களில் தென்னங்கன்று உயரம் தாண்டி நிற்கும். பூவுக்குத் தேனீயும் தேன்சிட்டும் வரும். அத்தனை ஆண்டு சேமித்ததையெல்லாம் அந்தக் கம்பத்துக்குக் கொடுத்துவிட்டுச் செடி காய்ந்துபோகும்.

இதைத் தெரியாமல் நோய் வந்துவிட்டது என்று மருந்து கேட்பவர்கள் உண்டு. நோய் அல்ல, அதன் முடிவு அது. வேலி போட்டவர் செய்யவேண்டியது ஒன்றுதான். ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் நடாமல், இரண்டு மூன்று ஆண்டாகப் பிரித்து நடுங்கள். அப்போது வேலி ஒரே சமயத்தில் ஓட்டையாகாது. கம்பம் கிளம்பிய செடியின் அடியில் ஒரு பக்கக் கன்றை விட்டுவையுங்கள், இடம் காலியாகாது. காய்ந்த கம்பம் எடை குறைவானது. அவரைப் பந்தலுக்கும் கோழி அடைய ஏணிக்கும் ஆகும்.

வீட்டுத் தோட்டத்தில் வைப்பவர்களுக்கு

தொட்டியில் வைத்தால் அடியில் ஓட்டை அவசியம். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, சிறு சரளை ஒரு பங்கு, இரண்டு கைப்பிடி மண்புழு உரம். மண் முழுக்கக் காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணி. நல்ல வெயில் விழும் இடமாக இருக்கட்டும். ஒவ்வொரு இலையின் நுனி ஊசியையும் நகவெட்டியால் கால் அங்குலம் நறுக்கிவிடுங்கள், இலைக்கு ஒன்றும் ஆகாது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் வாசலோரம் வேண்டாம், மொட்டைமாடி மூலை போதும். கழுவிய தண்ணி வடியும் இடத்தில் இதை நடாதீர்கள், அங்கே வாழை வையுங்கள்.

இந்த ஆடிக்குச் செய்யவேண்டியது

ஊர்க் கூட்டங்களில் இந்தப் பாடத்தைப் படிப்பவர்கள், படித்ததோடு நிற்காமல் இவற்றைச் செய்து பாருங்கள்.

1. அவரவர் காட்டின் படம் ஒன்றைத் தாளில் வரையுங்கள். தண்ணி தேங்கும் இடம், மண் அரிக்கும் சரிவு, மாடு நுழையும் வழி மூன்றையும் குறியுங்கள். கற்றாழைக்கு உரிய இடம் தானாகத் தெரியும்.
2. ஊரில் எந்த வகைக் கற்றாழை இருக்கிறது என்று சேர்ந்து நடந்து பாருங்கள். இலை ஓரத்தில் முள் உண்டா இல்லையா என்பதை வைத்துப் பிரியுங்கள். பிள்ளைகளுக்குச் சோற்றுக்கற்றாழையையும் ஆனைக்கற்றாழையையும் பக்கத்தில் வைத்து வித்தியாசம் காட்டுங்கள்.
3. நூறு இலையில் நார் எடுத்து எடையும் நேரமும் எழுதி வையுங்கள். அடுத்த கூட்டத்தில் கணக்கை எல்லோரும் ஒப்பிடலாம்.
4. முதல் ஆண்டு ஐம்பது கன்று மட்டும், அரிப்பு அதிகமுள்ள ஒரு வரப்பில் வையுங்கள். அடுத்த மழையில் அந்த வரப்பையும் பக்கத்து வரப்பையும் சேர்த்துப் பாருங்கள்.

கீழே ஆயிரம் அடியில் இருப்பது நம் பிள்ளைகளின் தண்ணி. மேலே விழுவது மட்டும்தான் நம் தண்ணி. விழுவதைக் காட்டுக்குள் நிறுத்த வரப்பு வேண்டும், வரப்பு நிற்க வேர் வேண்டும். அந்த வேலைக்குத் தண்ணிச் செலவில்லாத ஒரு கூலியாள் ஆனைக்கற்றாழை. அவரை எஜமானாக்கிக் காட்டை ஒப்படைத்துவிடாமல், வரப்பில் நிறுத்தி வேலை வாங்குங்கள்.